அஞ்சலை ஏன் லேட்டு?

பள்ளிக்கூட மைதானத்தின் நடுவில் மல்லிகா நிற்கிறாள். வகுப்பிலேயே நல்ல வாட்டசாட்டமானவள் என்பதால் அவள்தான் மலை. உச்சியில் ஒரு சிவப்பு ரிப்பனைச் செருகி தீபமும் ஏற்றியாயிற்று. அவளைச் சுற்றி பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு மொத்தமும் பின்பக்கமாக நடந்துகொண்டிருக்கிறோம்.

"எல்லாரும் வலது கைய தூக்குங்கடி. மலை எந்தக் கைப்பக்கம் இருக்கு?" என்று நான் கத்துகிறேன்.

"வலது கைப்பக்கம்."

"நாம எந்தப் பக்கமா போறோம்?"

"இடம் சுத்திப் போறோம்."

"அவ்ளோதான். கேஸ் முடிஞ்சுது."

முடியவில்லை. முதுகுப் பக்கம் கண் இல்லாத நாற்பது பெண்கள் ஒரே வட்டத்தில் பின்னால் நடந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிற வயது எங்களுக்கு இல்லை. யாரோ யார் காலையோ மிதித்தாள். அவள் இன்னொருத்தியின் ஜடையைப் பிடித்தாள். வரிசையாகச் சரிந்த பெண்களின் கடைசியில், எங்களை விரட்ட ஓடிவந்த டிரில் டீச்சர் இருந்தார். வாயில் விசிலோடு விழுந்தார். விழுந்து எழும் வரைக்கும் விசில் ஊதிக்கொண்டே இருந்தது.

மாடி ஜன்னலில் பெரிய டீச்சர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். தலைமை ஆசிரியையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் தோள்கள் குலுங்கியதை நான் பார்த்தேன். இன்றுவரை அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

குடை என்ன ஆனது?

வக்கீல் குமாஸ்தாவான என் அப்பாவின் கிழிந்த குடையைப் பற்றி போன வாரம் எழுதியிருந்தேன். அந்தக் குடை கடைசியில் என்ன ஆனது என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா, அது வக்கீல் அங்கி ஆனது. கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, துணியின் நடுவில் தலை நுழைகிற அளவுக்கு வெட்டி நான்தான் மாட்டிக்கொண்டேன். வெயிலில் நின்றால் அதிலிருந்து மழைக்கால வாசனை வரும்.

எதற்கு அங்கி? எங்கள் பள்ளியில் ஒரு கோர்ட்டு இருந்தது. அதற்காக.

அப்போதுதான் பதினோராம் வகுப்பு பரீட்சை போய், பத்தாம் வகுப்பு பரீட்சை வந்திருந்தது. எல்லாமே புதுசு. பெரிய டீச்சரும் மெட்ராஸிலிருந்து புதுசாக வந்திருந்தார். மொறமொறவென்று கஞ்சி போட்ட புடவை, ஆம்பிளை வாட்ச், வராந்தா முழுக்கக் கேட்கிற சிரிப்பு. வந்த முதல் வாரத்திலேயே டீச்சர்கள் கையிலிருந்த பிரம்புகளை எல்லாம் வாங்கி, தோட்டத்துத் தக்காளிச் செடிகளுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

"இனிமே இந்த ஸ்கூல்ல கேக்காம யாருக்கும் தண்டனை கிடையாது. யார் மேல யாருக்குப் புகார் இருந்தாலும் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு விசாரணை. விசாரிக்கிறது நீங்க. தீர்ப்பு சொல்றதும் நீங்க" என்றார் பிரேயரில்.

பாவம், எங்களை யாரென்று தெரியாமல் சொல்லிவிட்டார்.

நாங்கள் முதலில் கூண்டில் நிறுத்தியது கணக்கு டீச்சரைத்தான். பேசுகிறவள் மேல் சாக்பீஸ் வீசுவது அவர் வழக்கம். பேசுகிறவள் எப்போதும் நான்தான். சொல்லாமல் வீசக் கூடாது, பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வீச வேண்டும் என்று தீர்ப்பானது. மறுநாளிலிருந்து டீச்சர் "கலா" என்பார், நான் குனிவேன், என் பின்னால் உட்கார்ந்திருந்த மல்லிகா நெற்றியில் வாங்குவாள். அடுத்த வெள்ளிக்கிழமையே அவள் அப்பீல் போனாள்.

நீதிபதி நூர்ஜஹான். தேரடித் தெரு வளையல் கடைக்காரர் மகள். அவளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அவளுக்குச் சிரிப்பு வராது. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும்போதும் அவள் மட்டும் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பாள். "வக்கீல் ஜாஸ்தி பேசுறாங்க. கம்மியா பேசணும்" என்பதுதான் அவள் எனக்கு அடிக்கடி போட்ட உத்தரவு.

காலையில் லேட்டு, சாயங்காலம் ஃபர்ஸ்ட்டு

அஞ்சலை வழக்குக்கு வருகிறேன்.

அவள் செங்கம் ரோட்டுப் பெண். அப்பாவுக்கு அங்கே வாடகை சைக்கிள் கடை. அங்கிருந்து பள்ளிக்கூடம் நிதானமாக நடந்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஆனால் அஞ்சலை ஒரு நாள்கூட முதல் பீரியடைப் பார்த்ததில்லை. இரண்டாவது பீரியடு நடுவில் செம்மண் படிந்த காலோடு வந்து நிற்பாள். டிரில் டீச்சர் லேட்டு என்று எழுதுவார். வராந்தாவில் முட்டி போடச் சொல்வார். அவளும் பேசாமல் போடுவாள்.

பை மட்டும் உப்பியிருக்கும். புளியம்பழம், சீத்தாப்பழம், சில நாள் நாவல்பழம். முட்டி போட்டபடியே ஜன்னல் வழியாக எங்களுக்கு எடுத்துக் கொடுப்பாள். தின்றோமே தவிர, இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று ஒருத்தியும் யோசிக்கவில்லை.

சாயங்காலமோ, மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் வீட்டில் இருப்பாள். காலையில் முடியாத தூரம் சாயங்காலம் மட்டும் எப்படிச் சுருங்கும்? வகுப்பு கூடி ஒரே முடிவாகச் சொன்னது, லவ்வுதான்.

இந்த விளையாட்டு விபரீதமானது ஒரு வியாழக்கிழமை. காலை வருகை போதவில்லை, அஞ்சலைக்குப் பரீட்சை ஹால் டிக்கெட் கிடையாது என்று டிரில் டீச்சர் வகுப்பில் வந்து சொன்னார். அஞ்சலை அழவில்லை. மேஜை மேல் இருந்த புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி பையில் போட்டாள்.

அவள் கதை எனக்குத் தெரியும். பத்தாவது பாஸ் செய்தால் மேலே படிக்கலாம். இல்லையென்றால் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கும் தாய்மாமனுக்கு வைகாசியில் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். அஞ்சலைக்கோ தபாலாபீஸில் வேலைக்குப் போக வேண்டும், கவர் மேல் டப்பு டப்பென்று முத்திரை குத்த வேண்டும். டெஸ்க்கின் மேல் ரப்பரை வைத்துக் குத்திப் பழகிக்கொண்டே இருப்பாள்.

"கோர்ட்டுக்கு வாடி. நான் வாதாடறேன். ஏன் லேட்டுனு மட்டும் சொல்லு" என்றேன்.

வாயை மூடிக்கொண்டாள்.

"லவ்வாடி?"

பையால் என்னை ஒரு அடி அடித்தாள். சீத்தாப்பழம் நசுங்கியதுதான் மிச்சம்.

பின்தொடர்ந்த வக்கீல்

மறுநாள் விடிந்ததும் செங்கம் ரோட்டில் ஒரு டீக்கடை மறைவில் நின்றேன். வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லியிருந்தேன். தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு அஞ்சலை பையோடு வாசலில் இறங்கினாள். செருப்பில்லை. பள்ளிக்கூடம் இருக்கிற பக்கம் திரும்புவாள் என்று பார்த்தால், நேர் எதிர்ப்பக்கம் திரும்பி நடந்தாள்.

லவ்வேதான் என்று என் நெஞ்சு குதித்தது.

நானும் நடந்தேன். ஒவ்வொரு புளியமரத்துக்குப் பின்னாலும் ஒளிந்து ஒளிந்து போனேன். ரோடு திரும்பியது. மலை வலப்பக்கம் பெரிதாக எழுந்து நின்றது. காலை வெயில் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை, பாறைகள் நீலமாக இருந்தன. ஈர மண்ணும் மாட்டுச் சாணமும் கலந்த வாசனை. அஞ்சலை நடந்துகொண்டே இருந்தாள். பையன் எவனும் வருகிற வழியாகக் காணோம். எனக்குப் பசித்தது. குதிகாலில் முள் குத்தியது. லவ்வுக்காக இவ்வளவு தூரம் எவள் நடப்பாள் என்று எரிச்சலாக வந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடி அண்ணாமலை கிராமத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தாள். சரி, பிடிபட்டாள் என்று சுவரோரம் பதுங்கினேன். அவள் கையில் இரண்டு சொம்போடு வெளியே வந்து நேராக என் சுவருக்கே வந்தாள்.

"எங்க சின்னம்மா வீடு. பின்னாடியே வரவளுக்கும் சேத்து கூழ் கரைச்சிட்டாங்க. குடி."

குடித்தேன். அந்தக் கூழின் புளிப்பு இப்போதும் நாக்கில் இருக்கிறது.

"நீ நெசமாவே மலை சுத்திக்கிட்டா ஸ்கூலுக்கு வர?"

உதட்டில் விரலை வைத்தாள். மலையைப் பார்த்தாள். அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

"வேண்டுதலா? வெளிய சொன்னா பலிக்காதுன்னு சொல்லியிருக்காங்களா?"

மறுபடியும் உதட்டில் விரல்.

"வாயத் திறந்து சொல்லக் கூடாது. தலையாட்டலாம் இல்ல?"

இதை அவள் யோசித்ததே இல்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் மலையையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள். அங்கிருந்து ஊர் வருகிற வரைக்கும் நான் கேட்கக் கேட்க அவள் ஆட்டிக்கொண்டே வந்தாள்.

சங்கதி இதுதான். 'என் மகள் பத்தாவது பாஸ் பண்ணுகிற வரைக்கும் தினமும் உன்னை ஒரு சுற்று சுற்றுவாள்' என்று அவள் அப்பா மலையிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார். மலையை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும், இது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். செங்கம் ரோட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நேர்வழியில் வந்தால் மலை இடப்பக்கம் வந்துவிடும். ஊரே தினமும் அப்படித்தான் போய் வருகிறது, வேண்டுதல் இல்லாதவர்களுக்கு அதில் குற்றமில்லை. ஆனால் வேண்டுதலில் இருக்கிற கால் இடம் வரலாமா? அதனால் காலையில் மலையின் முக்கால் வட்டத்தைச் சுற்றிப் பள்ளிக்கூடம் வருவாள். சாயங்காலம் நேர்வழியில் வீட்டுக்குப் போனால் மிச்ச வட்டமும் முடிந்துவிடும்.

பாஸாக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட வேண்டுதலாலேயே பரீட்சை எழுத முடியாமல் போகிறது. நடுரோட்டில் நின்று நான் சிரித்தேன். அஞ்சலை முதலில் முறைத்தாள். பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் இரண்டாவது பீரியடு நடுவில் போய் நின்றோம்.

டிரில் டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வக்கீலம்மாவுமா? ரெண்டு பேரும் முட்டி போடுங்க."

தலையாட்டுவது சாட்சியா?

அன்று வெள்ளிக்கிழமை. கடைசி பீரியடில் குடைத் துணியை மாட்டிக்கொண்டு நான் எழுந்ததும், சாட்சி வாயே திறக்கவில்லை, தலையாட்டுவதெல்லாம் சாட்சியா என்று டிரில் டீச்சர் ஆட்சேபித்தார்.

நூர்ஜஹான் யோசித்தாள். "பொண்ணு பாக்க வரும்போது எங்க அக்கா தலைதான் ஆட்டிச்சு. அத வெச்சு நிக்காஹ்வே முடிஞ்சுது. இதுவும் செல்லும்" என்றாள்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். காலையில் நேராக வந்துவிட்டு சாயங்காலம் முழுச் சுற்று சுற்றினால்? அஞ்சலை இடவலமாகத் தலையாட்டினாள், காலையில் இடமாக வந்தால் சுற்றியதெல்லாம் கழிந்துவிடுமே. பஸ்ஸில் வந்தால்? பஸ்ஸும் மலைக்கு இடமாகத்தானே வருகிறது. பள்ளிக்கூடத்தை மலைக்கு அந்தப் பக்கம் மாற்றினால் என்றாள் மல்லிகா. அவளை உட்கார வைத்தோம்.

அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை உதித்தது. நேர்வழியில் வரட்டும். ஆனால் பின்பக்கமாக நடந்து வரட்டும். முகம் திரும்பிவிட்டதால் மலை வலக்கைப் பக்கம் வந்துவிடும். முழுச் சுற்றை சாயங்காலம் சுற்றிக்கொள்ளலாம். சாமிக்கும் குறையில்லை, பள்ளிக்கூடத்துக்கும் குறையில்லை.

"கண்ணால பாத்தாதான் தீர்ப்பு" என்றாள் நூர்ஜஹான். எல்லோரும் மைதானத்துக்கு ஓடினோம். அதன் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். டிரில் டீச்சர் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது, மலை வலப்பக்கம் இருந்தது உண்மைதான் என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னாள்.

செங்கம் ரோட்டில் ஊர்வலம்

திங்கட்கிழமை காலை அஞ்சலை வீட்டு வாசலில் மலையை வலக்கையில் வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டி நடக்க ஆரம்பித்தாள். பின்னால் வருவதைப் பார்த்துச் சொல்வது என் வேலை. மாடு, பள்ளம், சைக்கிள், சாணி என்று சொல்லிக்கொண்டே போனேன்.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு தயிர்க்கார அம்மா நின்றார். கூடையைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார்.

"இன்னா வேண்டுதல் கண்ணு இது? புதுசா கீது?"

"பத்தாவது பாஸ் ஆவறதுக்குங்க" என்றேன் நான், சும்மா இருக்க மாட்டாமல்.

"எம் பையன் ரெண்டு தபா ஃபெயிலு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாவும் திரும்பிப் பின்பக்கமாக நடந்தார். கூடை துளிகூட அசையவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். யாராவது எப்படியாவது நடந்தால் அதில் ஏதோ புண்ணியம் இருக்கிறது என்று நம்புகிறவர்கள். ஒரு காவி வேட்டிச் சாமியார் சேர்ந்தார். வெளியூரிலிருந்து கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் மொட்டைத் தலைக் குழந்தையோடு சேர்ந்தது. எதற்கு என்று கேட்டவர்களுக்கு, மூட்டு வலிக்கும் நல்லது என்று சாமியாரே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தேரடித் தெருவுக்குள் நுழைந்தபோது தெரு அகலத்துக்கு ஜனம். எல்லோரும் மலையைப் பார்த்தபடி, அரோகரா சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார்கள். பஸ் டிரைவர் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நூர்ஜஹானின் அப்பா கடை வாசலில் நின்று இதைப் பார்த்தார். "யார் போட்ட உத்தரவு இது?" என்று பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டாராம். உங்கள் மகள் போட்டதுதான் என்று நல்லவேளையாக அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பிரேயர் மணி அடிக்கும்போது அஞ்சலை முதுகுப்புறமாக வாசலுக்குள் நுழைந்தாள். அந்த வருஷத்தில் முதல் தடவையாக நேரத்துக்கு வந்திருந்தாள். பின்னாலேயே சாமியாரும் நுழைந்தார். டிரில் டீச்சருக்கு விசில் ஊதக்கூட வரவில்லை.

சைக்கிள் கடை கோவிந்தன்

அரை மணி நேரத்தில் ஒரு சைக்கிள் வாசலில் வந்து தடாலென்று விழுந்தது. அஞ்சலையின் அப்பா கோவிந்தன் வந்துவிட்டார். நல்ல தொப்பை, நெற்றி நிறைய விபூதி, கோபத்தில் மூச்சிரைப்பு.

"எம் பொண்ண நடுரோட்ல கூத்தடிக்க வுட்டது யாரு? படிக்க அனுப்பினா பின்னாடி நடக்கச் சொல்லித் தராங்களா? இனிமே ஸ்கூலும் வேணாம் ஒண்ணும் வேணாம். வாடி வூட்டுக்கு."

அஞ்சலையின் கையைப் பிடித்தார். கேஸை ஜெயித்துவிட்டோம் என்று குதித்துக்கொண்டிருந்த நான், பள்ளிக்கூடமே போச்சே என்று நினைத்தேன்.

பெரிய டீச்சர் படியில் இறங்கி வந்தார். "தாராளமா கூட்டிட்டுப் போங்க. ஆனா எங்க ஸ்கூல்ல ஒரு பழக்கம் இருக்கு. கேக்காம எதுவும் செய்யறதில்ல. பிள்ளைங்க ரெண்டு கேள்வி கேப்பாங்க. பதில் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

வேப்பமரத்தடியில் அவருக்கு நாற்காலியும் நீதிபதிக்கு மேஜையும் போட்டோம். அங்கியை மாட்டக்கூட எனக்கு நேரமில்லை.

"உங்க கடையில எவ்ளோ சைக்கிள் இருக்குங்க?"

"பன்னெண்டு கீது. அதுக்கின்னா?"

"வீட்லேருந்து கடைக்கு எப்படி வருவீங்க?"

"சைக்கிள்லதான்."

"வீட்டுக்கும் கடைக்கும் நடுவுல என்ன இருக்கு?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "ஒரு பூவரச மரம்."

மொத்த வகுப்பும் சிரித்தது. நூர்ஜஹான் மேஜையைத் தட்டினாள். பிறகு அவளே நேராகக் கேட்டாள், வழக்கமான கல்லு முகத்தோடு.

"மலைகிட்ட வேண்டிக்கிட்டது யாருங்க?"

"நான்தாம்மா."

"நடக்கிறது?"

"பாப்பா."

"பாப்பாவ ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"பெத்த புள்ளய எதுக்கும்மா கேக்கணும்? அவ நல்லதுக்குத்தான வேண்டிக்கினேன்? எங்க வம்சத்துல யாரும் எட்டாவதே தாண்டல. நான் ஆறாவதோட நின்னவன். பஸ்ல போர்டு படிக்கத் தெரியாம எங்கம்மா வேற ஊர்ல போய் எறங்கியிருக்கு. இவளாச்சும் படிக்கட்டும்னு மலைய வேண்டாம வேற யார வேண்டறது?" எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

பெரிய டீச்சர் அவர் பக்கத்தில் வந்து, தினமும் லேட்டானதால் அஞ்சலை பரீட்சை எழுத முடியாத நிலைமையில் இருப்பதைச் சொன்னார். கோவிந்தன் அவரையே பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"பரீட்சையே எழுத முடியாதா? ஏன் பாப்பா எங்கிட்ட சொல்லல?"

"அவரே வேண்டுதல வெளிய சொல்லிட்டாரு. இனிமே நீ வாயத் திறக்கலாம் அஞ்சலை" என்றாள் நூர்ஜஹான்.

அஞ்சலை எழுந்தாள். அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு மறக்காது.

"வருஷம் பூரா லேட்டு லேட்டுனு எழுதினாங்க. முட்டி போட வெச்சாங்க. ஏன்னு யாரும் கேக்கல. எங்கப்பாவும் உன்னால முடியுமானு கேக்கல. கலா ஒருத்திதான் கேட்டா, அவளும் லவ்வானு கேட்டா. சொல்லக் கூடாதுதான். ஆனா யாராச்சும் கேட்டிருந்தா தலையாட்டவாவது அப்பவே தோணியிருக்கும். எனக்கு மலையப் பிடிக்கும்பா. பரீட்சையும் எழுதணும்பா."

சொல்லிவிட்டு உட்கார்ந்து மலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதலில் மூக்கை உறிஞ்சியது டிரில் டீச்சர்தான்.

நூர்ஜஹான் தீர்ப்புச் சொன்னாள். வேண்டிக்கொண்டவர்தான் சுற்ற வேண்டும். அஞ்சலை நேர்வழியில், முன்பக்கமாகப் பள்ளிக்கூடம் வர வேண்டும். பள்ளிக்கூடமும் கேட்காமல் விட்டதால், வருகைக் குறைவை மன்னிக்கச் சொல்லி பெரிய டீச்சரே மேலிடத்துக்கு எழுத வேண்டும். இனி லேட்டாக வருகிறவளை முட்டி போடச் சொல்வதற்கு முன்னால் ஏன் என்று கேட்க வேண்டும்.

"நானும் கேக்கல. பிரேயர்ல பேசினதோட சரி. கட்டுப்படறேன்" என்றார் பெரிய டீச்சர்.

கோவிந்தன் தன் தொப்பையைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். "தெனமுமா?" என்றார்.

"நீங்க தினமும்னுதானங்க வேண்டிக்கிட்டீங்க" என்றேன் நான்.

மலை சுற்றிய தொப்பை

சுற்றினார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது. முதல் நாள் அடி அண்ணாமலையில் மச்சினி வீட்டு வாசலிலேயே படுத்துவிட்டாராம். கூழ் கொடுத்து எழுப்பி அனுப்பினார்களாம். மறுநாள் காலுக்கு நல்லெண்ணெய் தடவிக்கொண்டு வந்தார். நாங்கள் இரண்டாவது பீரியடில் உட்கார்ந்திருக்கும்போது, மகள் முன்பு வந்து நின்ற அதே நேரத்தில், அவர் வாசலைத் தாண்டிப் போவார். கையில் புளியம்பழம் இருந்தால் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவார். "லேட்டு" என்று நாங்கள் ஜன்னலிலிருந்து கத்துவோம். அவர் திரும்பிப் பார்த்துக் கும்பிடுவார்.

டிரில் டீச்சரும் கேட்க ஆரம்பித்தார். வேங்கிக்கால் கிராமத்திலிருந்து வருகிறவள் இரண்டு மாடு கறந்துவிட்டு வருகிறாள். ஆறாவது படிக்கிற ஒருத்திக்கும் அவள் அக்காவுக்கும் சேர்த்து ஒரே பள்ளிப் பாவாடை, ஒருத்தி வந்தால் இன்னொருத்தி வர முடியாது. இத்தனை வருஷம் இவர்கள் எல்லோரும் வெறும் லேட்டு. பாவாடைக்காரியின் பதிலைக் கேட்ட அன்று டிரில் டீச்சர் ரொம்ப நேரம் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் அந்தச் சகோதரிகள் இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். பாவாடைத் துணி யார் எடுத்துக் கொடுத்தது என்று நாங்களும் கேட்கவில்லை.

மேலிடத்திலிருந்து அனுமதி வந்தது. அஞ்சலை பரீட்சை எழுதினாள்.

ரிசல்ட் வந்த காலை நான் செங்கம் ரோட்டுக்கு ஓடினேன். சைக்கிள் கடை வாசலில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு பாதி தெரு நின்றது. நம்பர் இருந்தது. அஞ்சலை அந்த நம்பர் மேலேயே கட்டை விரலால் டப்பு டப்பென்று குத்திக்கொண்டிருந்தாள். கீழ்பென்னாத்தூர் மாமாவும் மண்டிக் கணக்கை விட்டுவிட்டு வந்து, வைகாசி முகூர்த்தம் என்னாயிற்று என்று கேட்டபடி கூட்டத்தில் நின்றார்.

கோவிந்தன் சுற்றை முடித்துவிட்டு அப்போதுதான் வந்து சேர்ந்தார். தொப்பை பாதியாகியிருந்தது. விஷயத்தைச் சொன்னோம். மலையைப் பார்த்துத் தலைக்கு மேல் கைகூப்பினார். வேண்டுதல் முடிந்தது, இனி நடக்க வேண்டாம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லோருக்கும் முன்னால், மச்சானுக்கும் முன்னால், மகள் எதிரில் வந்து நின்றார்.

"பாப்பா, மேல படிக்கிறியா? கல்யாணம் பண்ணிக்கிறியா? நீ இன்னா சொல்ற? உன்னத்தான் கேக்குறேன்."

அவள் பதில் என்னவென்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் முதன்முதலாகத் தன்னைக் கேட்ட ஒரு கேள்விக்கு உடனே பதில் சொல்லித் தீர்த்துவிட அஞ்சலைக்கு மனசு வரவில்லை. மேல் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"இன்னொரு சுத்து போய்ட்டு வாப்பா. யோசிச்சு சொல்றேன்."

கோவிந்தன் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மலையை வலப்பக்கம் வைத்து நடக்க ஆரம்பித்தார்.